சொன்னால் பலிக்காதா?

"சொன்னால் பலிக்காது."

எங்கள் பக்கத்தில் மருந்துச் செடியைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், பேச்சு கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்து நின்றுவிடும். பல்வலிக்கு வேர் கொடுக்கிறவர் இதைச் சொல்வார். குழந்தையின் மாந்தத்துக்கு இலையைக் கசக்கிப் பிழிகிற பாட்டியும் இதைத்தான் சொல்வாள். மருந்து வேண்டுமா, தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். பலர் காசுகூடக் கேட்கமாட்டார்கள். ஆனால், "இது என்ன இலை?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஒரு புன்சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இழுத்துச் சாத்திய ஒரு கதவு.

வத்திராயிருப்பில் இப்படிச் சாத்திய கதவுகள் சற்று அதிகம். காரணம் மேற்கே நிற்கிற மலை. ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கும். பிளவக்கல் அணையின் நீரில் விளையும் நெற்பயிருக்கு அப்பால், தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரிக்குப் பாதை ஏறுகிறது. ஆடி அமாவாசையன்று சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு பகுதியினரின் கண் சுவாமியைத் தேடுகிறது. இன்னொரு பகுதியினரின் கண் பாதையோரச் செடிகளைத் தேடுகிறது. சித்தர்கள் உலவும் மலை என்று அதற்குப் பெயர். இரவில் ஒளிவிடும் மரம், மிதித்தவனுக்கு வழியை மறக்கடிக்கும் பூண்டு என்றெல்லாம் கதை சொல்ல ஆளில்லாத டீக்கடை இந்த வட்டாரத்தில் அபூர்வம். இத்தனை பெரிய ரகசியத்தின் நிழலில் வாழ்கிறவர்கள் சின்னச் சின்ன ரகசியங்களை மடியில் கட்டிக்கொண்டு திரிவதில் வியப்பென்ன?

ஆனால், எனக்கு இதில் வெகு நாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஒருவனுக்கு ஒரு மருந்து தெரியும்; அது மெய்யாகவே நோயைத் தீர்க்கிற மருந்துதான் என்றும் வைத்துக்கொள்வோம். அதைப் பிறருக்குச் சொல்லாமல் மறைப்பது தர்மமா? தாகம் என்று வந்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கிறான். கிணறு இருக்கிற இடத்தை மட்டும் காட்டமாட்டேன் என்கிறான். இவனைக் கொடையாளி என்பதா, கருமி என்பதா?

கருமி என்று சொல்லிவிடுவது சுலபம். நம்மில் படித்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறோம். "இப்படி மறைத்து மறைத்துத்தான் நம் நாட்டு வைத்தியம் பாழாய்ப் போயிற்று" என்று மேடையில் பேசினால் கைதட்டலும் கிடைக்கும். ஆயினும் மறைக்கிறவர்களின் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டாமா?

முதல் நியாயம் பிழைப்பு. ஒரு கிழவிக்கு நிலமில்லை, நகையில்லை, பிள்ளைகள் பட்டணத்தில். அவளுடைய சொத்து ஓர் இலையின் பெயர். அதைச் சொல்லிவிட்டால் அவள் வெறும் கிழவி. சொல்லாத வரையில் ஊருக்கு வேண்டியவள். இரண்டாவது நியாயம் செடியைப் பற்றியது. ஒரு செடிக்கு மவுசு வந்துவிட்டால் அது இருந்த இடத்தில் குழிதான் மிஞ்சும் என்பது மலையடிவாரத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அளவு தெரியாமல் கொடுத்து ஆளைக் கொன்றுவிடுவார்களே என்ற பயம். சித்தர் பாடல்களில் செடிகளுக்கும் பாஷாணங்களுக்கும் நேர்ப்பெயர் சொல்லாமல் பரிபாஷையாக வேறு பெயர் வைத்துப் பாடியிருப்பதற்கு இந்த மூன்றாவது காரணத்தைத்தான் பெரியவர்கள் சொல்வது வழக்கம். குருவிடம் இருந்து கற்றவனுக்கே பொருள் விளங்க வேண்டும். ஏட்டை மட்டும் திருடிப் போனவனுக்கு விளங்கக் கூடாது.

ஆகவே, ரகசியம் என்பது எப்போதும் பேராசையின் குழந்தை அல்ல. சில சமயம் அது பயத்தின் குழந்தை. சில சமயம் பொறுப்பின் குழந்தைகூட. ஆனால் குழந்தை யாருடையதாக இருந்தாலும் வளர்ந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

எனக்குப் பெரியம்மா முறையாகிற ஓர் அம்மாள் எங்கள் ஊரில் இருந்தார். காமாலைக்கு மருந்து கொடுப்பார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் வர வேண்டும். பச்சையாக அரைத்த ஒரு விழுதைச் சுண்டைக்காயளவு உருட்டி, மோரில் கலக்கிக் கொடுப்பார். எண்ணெய் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், அலைச்சல் கூடாது. காசு வாங்கமாட்டார், குணமானவர்கள் கோயிலுக்கு எண்ணெய் வாங்கி ஊற்றினால் போதும். அரைப்பதற்கு முன் கொல்லைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். இலையைப் பறிக்கப் போகும்போது யாரையும் உடன் அழைத்துப் போகமாட்டார்.

அந்த இலை எது என்பது தெருவுக்கே தெரியும் என்பதுதான் வேடிக்கை. அது கீழாநெல்லி. வாய்க்கால் வரப்பில், ஈரம் கண்ட இடத்திலெல்லாம், யாரும் விதைக்காமல் முளைத்துக் கிடக்கிற பூண்டு. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகு கடுகாக வரிசையில் காய்த்திருக்கும். பெயரே அதனால் வந்ததுதான். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததைத் தெரியாததுபோல் நடிப்பதில் தெருவும், மறைக்க முடியாததை மறைத்துக்கொண்டிருப்பதில் பெரியம்மாவுமாக ஐம்பது வருஷம் ஒற்றுமையாகக் கழிந்தது.

ஆனால், மருந்து கொடுப்பதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்பார். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திண்ணையில் உட்கார வைத்து, கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார். "எத்தனை நாளாச்சு? மலம் என்ன நெறம்? உடம்பு அரிக்கிதா? பகல்ல சொக்கிச் சொக்கித் தூங்குறானா? பேசுறது தெளிவா இருக்கா?" வந்திருப்பது பெண்ணானால், கூட வந்தவளைத் தனியே அழைத்து, "முழுகாம இருக்காளா?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு சிலரை அம்மிக்குப் பக்கத்தில் அழைப்பார். சிலரைப் பார்த்து, "இது எனக்கு உட்பட்ட காமாலை இல்லைய்யா. இன்னிக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நாளைக்குன்னு வைக்காதே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எத்தனை கெஞ்சினாலும் அசையமாட்டார்.

இன்றைய வைத்திய நூலைத் திறந்து பார்த்தால் அந்தக் கேள்விகளின் அருமை தெரிகிறது. காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று. பல நோய்கள் வெளியே காட்டுகிற ஒரே கொடி. அசுத்தமான தண்ணீரால் வருகிற சாதாரணக் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தம் வருகிற குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். அதற்கு எந்த விழுதும் வழி திறக்காது. பகலில் சொக்குவதும் பேச்சு குழறுவதும் கல்லீரல் கைவிடத் தொடங்கியதன் அறிகுறி. கர்ப்பிணிக்கு வருகிற ஒரு வகைக் காமாலை தாயையே கொண்டுபோய்விடக் கூடும். பெரியம்மாவுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. ஆனால், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது.

அவர் காலமான பிறகு அவருடைய மருமகள் அம்மியைக் கையில் எடுத்தாள். எனக்கு மதினி முறை, நல்ல மனசுக்காரி. ஊர் கேட்டுக்கொண்டது, அவளும் இசைந்தாள். இலையில் ரகசியம் ஏது? தினமும் பார்த்த இலைதானே! வந்தவர்களுக்கெல்லாம் அரைத்துக் கொடுத்தாள். அநேகம் பேருக்குக் குணமும் ஆயிற்று. பிறகு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூலியாள் வந்தான். உடம்பெல்லாம் நகக்கீறல். மதினி மருந்து கொடுத்தாள். குறையவில்லை என்றதும் இன்னும் ஒரு வாரம் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. காய்ச்சல் கண்டு மதுரைக்குக் கொண்டு போனபோது பித்தக்குழாயில் கல் அடைத்து, சீழ் பிடித்திருந்தது. அவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

மதினி அதன் பிறகு அந்த அம்மியில் மருந்து அரைக்கவில்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: "தம்பி, அத்தை இலையை மறைச்சாங்க, சரி. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கேள்வியையாவது எனக்குச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை. பெரியம்மா எதை மறைத்தாரோ அது அற்பமானது. எதை மறைக்கவில்லையோ, திண்ணையில் பகிரங்கமாகக் கேட்டாரோ, அதுதான் அவருடைய வித்தை. அதை அவரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொருளாக நினைக்கவில்லை. நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பொருளாக நினைக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தாழ் போட்ட கொல்லைக் கதவின் மேலேயே இருந்தது. ரகசியத்தின் பெருங்கேடு இதுதான் என்று எனக்குப் படுகிறது. அது ஒன்றை மறைப்பதோடு நிற்பதில்லை; மறைத்ததுதான் பெரிது என்று நம்மை நம்பவும் வைத்துவிடுகிறது. மருந்தின் பெயர் வெறும் சரக்கு. எப்போது நிறுத்த வேண்டும், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதல்லவா அறிவு?

இதே கீழாநெல்லியை வெட்டவெளியில் கொண்டுவந்து வைத்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் தியாகராஜன், மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் ஆகியோர் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். அந்தக் கிருமியை உடம்பில் நெடுநாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடியையும் மற்றவர்களுக்கு வெற்றுப் பொடியையும் முப்பது நாள் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988ல் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியாயிற்று. நம் வரப்புப் பூண்டுக்கு உலகம் திரும்பிப் பார்த்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மேடைப் பேச்சுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! முடியவில்லை. பிற இடங்களில் மற்றவர்கள் இதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது பாதியைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னதால்தானே பிறர் சோதிக்க முடிந்தது? சோதித்ததால்தானே எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்தது? 'சொன்னால் பலிக்காது' என்பதற்கு இப்படி ஓர் அர்த்தமும் இருக்கிறது போலும்: சொல்லிவிட்டால், பலிக்காத இடங்கள் வெளியே தெரிந்துவிடும். தானாகத் தணிகிற காமாலைக்கும் மருந்து கொடுத்தவருக்கே நன்றி போய்ச் சேர்கிறது. கைராசி என்கிறோம். அந்தப் புகழில் எத்தனை பங்கு இலையினுடையது, எத்தனை பங்கு உடம்பினுடையது என்று பிரித்துக் காட்டுகிற தராசை ரகசியம் கிட்டவே வரவிடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்லாத அறிவு பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோமே, அதுவும் மெய்யல்ல. புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்காமலே வருகிற பழக்கம். 1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு விஞ்ஞானத் தொழிலாராய்ச்சி மன்றம் வழக்காடி, 1997ல் அதை ரத்து செய்யவைத்தது. எதைக் காட்டி ஜெயித்தார்கள்? "எங்கள் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள்" என்று சொன்னால் அந்த அலுவலகத்தில் எடுபடாது. பழைய சமஸ்கிருத நூல்களையும், இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் 1953ல் வெளிவந்த ஒரு கட்டுரையையும் காட்டினார்கள். எழுதிவைத்த எழுத்து காப்பாற்றியது. பாட்டியின் நினைவு எவ்வளவு பழையதானாலும் சாட்சிக்கூண்டில் ஏற அதற்குக் காகிதம் வேண்டியிருந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, 2001ல், ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலான நூல்களில் உள்ள மருந்து முறைகளையெல்லாம் அயல்நாட்டு மொழிகளில் பெயர்த்துத் தொகுத்து வைக்கிற ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். காப்புரிமை அலுவலகங்கள் அதைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வெகு காலம் அனுமதியில்லை. அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறக்க 2022ல்தான் மத்திய அரசு தீர்மானித்தது. ஊரறிந்த அறிவைக் காப்பாற்றப் பூட்டிய நூலகம்! பெரியம்மாவின் கொல்லைக் கதவு எனக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது, அதற்குள் இருக்கிற சங்கடமும் புரிந்தது.

அப்படியானால், எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிடலாமா? அங்கேதான் பொதிகைப் பக்கத்திலிருந்து ஒரு காணிக்காரன் வந்து என் கையைப் பிடித்து நிறுத்துகிறான்.

தெற்கே அகத்தியமலைக் காடுகளில், தமிழ்நாட்டுச் சரிவிலும் கேரளச் சரிவிலும் காணிகள் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1987ல் அந்தக் காட்டுக்குள் போன தாவர ஆராய்ச்சியாளர்கள் ஏறமாட்டாமல் இளைத்துப் போனார்கள். வழிகாட்ட வந்த காணிகளோ ஏதோ ஒரு சிறு காயை அவ்வப்போது மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்று தயங்கினார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதை ஆராய்ந்து, 'ஜீவனி' என்ற மருந்தை உண்டாக்கி, 1995ல் கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்தது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம். இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று தீர்மானமாயிற்று. அதற்காக 1997ல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று.

பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் இதைப் புகழ்ந்தது. புகழவேண்டியதுதான், பங்கு கொடுக்காத உதாரணங்களே அதிகமாயிற்றே! ஆனால், காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர், எங்கள் குலத்துக்குரிய ரகசியத்தை இரண்டொருவர் எப்படிக் கொடுக்கலாம் என்று வருந்தினார்கள். அந்தச் செடியோ காட்டு நிழலில்தான் நன்றாக வளருகிறது. பயிரிடுகிறோம் என்று சொல்லிக் காட்டில் இருப்பதையே பிடுங்கிவிடுவார்கள் என்று வனத்துறை ஆட்சேபித்தது. அந்தப் பயம் முழுக்கப் பொய்யுமல்ல. பெயர் வெளிப்பட்ட பிறகு செடியைக் களவாகப் பிடுங்குகிறவர்களும் கிளம்பினார்கள்.

எங்கள் மலைக்கும் இது பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு 1988ல் சாம்பல்நிற அணிலுக்காகச் சரணாலயமாயிற்று. 2021ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. அங்கே அனுமதியில்லாமல் ஒரு வேரைப் பிடுங்குவது இன்று சட்டப்படி குற்றம். அடிவாரத்தில் வாழ்கிற பளியர்களுக்கோ தேனும் கிழங்கும் மருந்துச் சரக்கும் தலைமுறை தலைமுறையான ஜீவனம். காட்டில் வாழ்வோரின் உரிமையை 2006ஆம் வருஷச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே, இந்த மலையில் ஒரு செடி இன்ன பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் இங்கே எழுதினால், படிக்கிற உங்களுக்கு ஒரு சுவாரசியம், செடிக்கு மரணம், பளியருக்குப் பட்டினி. சொல்வது தர்மம் என்ற என்னுடைய வாதம் இங்கே வந்து வாயடைத்துப் போகிறது.

மூலிகை பறிக்கப் போகிறவன் முதல் நாளே செடிக்கு மஞ்சள் நூல் கட்டி, அதனிடம் அனுமதி கேட்டு, மறுநாள் பறிக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. சாபநிவர்த்தி என்பார்கள். படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறோம். ஒன்றை எடுப்பதற்கு இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தால், அவசியமில்லாதவன் எடுக்கமாட்டான் அல்லவா? எடுக்கிறவனைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கிற எந்தச் சடங்கும் காட்டுக்கு நல்லதுதான்.

இப்போது என் சந்தேகத்துக்கு ஒருவாறு விடை தென்படுகிறது. மருந்துச் செடிகளை நாம் ஒரே இனமாக நினைத்துப் பேசுவதால்தான் குழப்பம். வேலிச்செடி வேறு, மலைச்செடி வேறு. வேலிச்செடியைப் பற்றி மறைப்பது பாவம். மலைச்செடியைப் பற்றி உளறுவது பாவம்.

வேலிச்செடி என்று நான் சொல்வது எவற்றை? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் துளசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நந்தவனத்துத் துளசியடியில் கிடைத்த குழந்தையை அல்லவா ஆண்டாளாகக் கொண்டாடுகிறோம்! கற்பூரவள்ளியை ஒரு துண்டு ஒடித்து மண்ணில் ஊன்றினால் போதும், தொட்டியிலும் வளரும். நொச்சி வேலிக்கு வேலி, ஆவி பிடிக்க மருந்து. தூதுவளைக்குப் படர ஒரு கொம்பு வேண்டும். பறிக்கிறவர் கையில் முள் தைக்கும், ஆனால் இருமல்காரர் உள்ள வீட்டில் அதன் ரசத்துக்கு மதிப்பு அதிகம். ஆடாதோடையை ஆடு தொடாது, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். அதன் இலையிலுள்ள சத்தை ஆராய்ந்து, அதை ஒட்டி உண்டாக்கிய பிரோம்ஹெக்சின் என்ற மருந்துதான் கடையில் வாங்குகிற பல இருமல் மருந்துப் புட்டிகளுக்குள் இருக்கிறது. இவற்றில் எதற்கும் மலையேற வேண்டாம்; யாருடைய பிழைப்பும் கெடாது; எந்தப் புலியின் தூக்கமும் கலையாது. ஒரு கிளையை ஒடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் செடி குறைவதில்லை, இரண்டாகிறது. கொடுக்கக் கொடுக்கப் பெருகுகிற பொருளுக்கு ரகசியம் என்னத்துக்கு?

ஆனால், கிளையோடு கேள்வியையும் கொடுக்க வேண்டும். அதுதான் மதினி எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஆடாதோடை கொடுக்கிறவர், கர்ப்பிணிக்குக் கொடுக்காதே என்றும் சொல்லியாக வேண்டும். அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணமுடையது. வேலியில் பூத்திருக்கும் செங்காந்தளைப் பார்த்து மகிழலாம், நம் மாநிலத்தின் மலர். அதன் கிழங்கோ ஆளைக் கொல்லும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லாமல் இருப்பது குற்றம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளியைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போ என்பதும் தூதுவளை வைத்தியத்தின் ஒரு பகுதிதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற இங்கிலீஷ் மருந்தைப் பற்றி டாக்டரிடமும், சாப்பிடுகிற இலையைப் பற்றி அதே டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் சிரிப்பாரோ என்று மறைக்கிறோமே, அதுவும் 'சொன்னால் பலிக்காது' என்பதன் இன்னொரு வேஷம்தான்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படித்து வருகிறவர்கள் பரிபாஷையையும் கற்கிறார்கள், நாடியையும் பார்க்கிறார்கள், இரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும் படிக்கிறார்கள். ஆனால், வீட்டு வைத்தியம் கல்லூரியில் நடப்பதில்லை, அடுப்பங்கரையில் நடக்கிறது. அங்கே மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகிற பாதையில்தான் பாலம் உடைந்து கிடக்கிறது.

மருந்து தெரிந்தவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாரானால் அவரிடம் "அது என்ன இலை?" என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கும். தெரிந்துகொள்வதில் உங்களுக்குப் பெரிய லாபமும் இராது. அதற்குப் பதிலாக, "நீங்கள் யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள்? எத்தனை நாளில் நிறுத்துவீர்கள்? எதைக் கண்டால் பயப்படுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு மறைப்பவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. வெகு நாளாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டதுபோல முகம் மலர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து சொல்லத் தொடங்குவார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.

சொன்னால் பலிக்காது என்பதை நான் இப்போது முழுவதுமாக மறுக்கவில்லை. பாதியைச் சொன்னால் பலிக்காது. இலையைச் சொல்லி எல்லையைச் சொல்லாமல் விட்டால் பலிக்காது. முழுவதும் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுவோம்.